மேடையில் மின்னினால் போதாது

கல்லூரி கல்ச்சுரல்ஸில் ஃபேஷன் ஷோ என்றால் அரங்கம் நிரம்பிவிடும். அந்த மேடையில் இப்போது மின்னணுக் கருவிகள் பொருத்திய உடைகளும் ஏறத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், பாவாடை ஓரத்தில் எல்இடி சரத்தைத் தைத்து, பேட்டரியை இடுப்பில் மறைத்து நடந்து காட்டுவதோடு முயற்சி நின்றுவிட்டால், பழைய ஷோவுக்குப் புதிய ஜிகினா பூசியதாகவே முடியும். உடை யாருக்கு, எதற்கு உதவுகிறது என்று சோதிக்கும் களமாக இந்த மேடையை மாற்றக் கல்லூரிகள் முன்வர வேண்டும்.

மின்னணு உடைகளின் வரலாறு ஃபேஷன் மேடையில் மட்டும் எழுதப்பட்டதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுந்தரேசன் ஜெயராமன், 1990களில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் தம் குழுவினரோடு ஒரு சட்டையை உருவாக்கினார். போர்க்களத்தில் குண்டடிபட்ட வீரரின் காயத்தையும் உடல்நிலையையும் தொலைவிலிருந்தே அறிவது அதன் நோக்கம். குண்டு துளைத்ததை அறியும் ஒளியிழைகள் நெசவோடு நெசவாகச் சேர்க்கப்பட்டன. தேவை முதலில் வந்தது, உடை பிறகு வந்தது.

நம்மிடம் தேவைகளுக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி இரவில் நடக்கும் பாதயாத்திரை பக்தர்களின் பைகளில் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். வண்டி வெளிச்சம் பட்டால்தான் அது தெரியும். தானே ஒளிரும் மேலாடை இன்னும் தொலைவிலிருந்தே கண்ணில் படும். விடியுமுன் சாலையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களுக்கும் அது பயன்படும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. உடல் சூடு எல்லை மீறும்போது எச்சரிக்கும் உடை தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு வேண்டாமா?

திறமைக்கும் மூலப்பொருளுக்கும் குறைவில்லை. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் ஆய்வாளர்கள் துணியில் மின்சுற்று அமைக்கப் பயன்படுத்தியவற்றுள் ஒன்று, இந்தியாவில் நெய்யப்படும் உலோக இழை கலந்த பட்டு ஆர்கன்சா துணி. காஞ்சிபுரத்தின் அசல் ஜரிகையில் உள்ள வெள்ளியும் மின்சாரத்தைக் கடத்தும். ஜவுளி நகரங்களான திருப்பூரும் கோவையும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் கல்லூரிக்குள் துணியை அறிந்தவர் ஒரு கட்டடத்திலும், சர்க்யூட்டை அறிந்தவர் வேறொரு கட்டடத்திலும் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதே ஏற்பாட்டாளரின் முதல் வேலை.

எனவே விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு அறிவிப்பு ஒட்டுவது உதவாது. பருவத்தின் தொடக்கத்திலேயே ஜவுளி, மின்னணுவியல் மாணவர்கள் கலந்த குழுக்களை அமைக்க வேண்டும். உடையை அணியப்போகும் தொழிலாளியிடம் குழு முதலில் போய்ப் பேச வேண்டும். அவருடைய நேரத்துக்கு ஊதியமும் தர வேண்டும். மேடை ஏறுமுன் உடையைத் துவைத்துக் காயவைத்து மீண்டும் இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். வியர்வையும் மடிப்பும் பட்டால் மின்கடத்தும் நூலின் பூச்சு தேயும், சாலிடர் இணைப்பு விரிசல் விடும். இதைத் தாங்காத உடை அழகாக இருந்தாலும் பரிசுக்கு உரியதல்ல.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. குத்துப்பட்டாலோ நசுங்கினாலோ லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். ஆசிரியர் சோதித்த பேட்டரியை மட்டுமே அனுமதிக்க வேண்டும். அணிந்தவர் தாமே நொடியில் கழற்றும்படி உடை அமைய வேண்டும். அணிந்தவரின் இதயத்துடிப்பைப் பெரிய திரையில் காட்டி வேடிக்கையாக்குவதும், அவர் சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது.

‘மாணவர்கள் ஒரு மாலை கொண்டாடட்டுமே, அங்கேயும் பாடமா?’ என்று சிலர் கேட்கலாம். கொண்டாட்டத்தை யாரும் தடுக்கவில்லை. இசை ஒலிக்கட்டும், அலங்காரமும் இருக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியையாவது பயன்பாட்டுக்கும் உறுதிக்கும் ஒதுக்குங்கள் என்றே கேட்கிறோம். நடுவர் வரிசையில் சினிமா பிரபலத்தின் அருகே ஒரு தையல் தொழிலாளிக்கும் ஒரு தூய்மைப் பணியாளருக்கும் நாற்காலி போடுங்கள். பிரபலத்துக்கும் ஒலி-ஒளிக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பங்கைக் குழுக்களுக்குச் செய்பொருள் வாங்கக் கொடுங்கள்.

வெற்றி பெறும் உடைகளைத் திருப்பூர் உற்பத்தியாளர்கள் பார்வையிடப் பல்கலைக்கழகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். குழுவின் உழைப்புக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணும் தர வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். புதிய சட்டமோ பெரும் நிதியோ இதற்குத் தேவையில்லை.