‘விமானியின் தவறு’ என்றால் போதுமா?

2023 ஆகஸ்ட் 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங் வந்துகொண்டிருந்த சிறிய தனியார் ஜெட், தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது எல்மினா பகுதிச் சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த 8 பேரும் சாலையில் சென்ற 2 பேரும் மாண்டனர்.

இறக்கையின் மேலுள்ள தடுப்புத் தகடுகள் வானிலேயே விரிந்துவிட்டன என்று விசாரணை கண்டது. தரையிறங்கும் முன் செய்யும் சரிபார்ப்பின்போது துணை விமானி அவற்றைத் தவறுதலாக இயக்கிவிட்டார். சக்கரம் தரையைத் தொட்ட பிறகே அவை விரிய வேண்டும். அப்போதுதான் ஏற்றுவிசை குறைந்து, எடை சக்கரங்களில் இறங்கி, பிரேக் நன்றாகப் பிடிக்கும். வானில் ஏற்றுவிசை போனால்?

‘விமானியின் தவறு’ என்று பேச்சை முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கை ஏன் அங்கே போனது என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 விமானிகள் சிலர், தரையிறங்கிய பின் இறக்கை மடலை உள்ளிழுப்பதற்குப் பதில் சக்கரங்களை மடக்கினார்கள். நல்ல பயிற்சி பெற்றவர்கள்தாம். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானியைத் திட்டவில்லை. விமானி அறையைப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கர விசைக்குச் சக்கர வடிவக் குமிழைப் பொருத்தினார். இன்றும் பயணிகள் விமானங்களில் அந்தப் பிடி சக்கரம் போலவே இருக்கிறது. பார்க்காமலே விரல் அறிந்துகொள்ளும்.