கூடாரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய உண்மை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே, ஆகஸ்ட் மாதப் பிறப்பையொட்டிய சனி ஞாயிறுகளில், குடியானவர் ஒருவருடைய புல்வெளியை வாடகைக்குப் பேசிக்கொண்டு, கூடாரமும் கம்பளியும் பிள்ளைகுட்டிகளுமாக வந்து கூடுகின்ற, இயற்கையையும் பழந்தெய்வங்களையும் போற்றும் பேகன் சமயத்தாரைப் பற்றி நம்மவர் காதில் எப்போதேனும் செய்தி விழுமாயின், அது சூனியக்காரி, பௌர்ணமி, முகமூடி என்கிற வேடிக்கை விஷயமாகவே முடிந்துபோகிறது. அங்கே போனால் காணக் கிடைப்பதில் பெரும்பகுதி சமையலும் மழையுமே. பொதுப் பந்தலில் அண்டா நிறையக் கஞ்சி கொதிக்கும். கழிப்பறைக்கு வரிசை நிற்கும். பாத்திரம் கழுவுவது யார் முறை என்று சிறுவர்களுக்குள் வழக்கு நடக்கும்.

வைபவம் என்பது அரைமணி நேரந்தான். எல்லாரும் வட்டமாக நிற்க, கிழக்கே காற்றையும் தெற்கே நெருப்பையும் மேற்கே நீரையும் வடக்கே மண்ணையும் அழைத்து, புதுத் தானியத்தில் சுட்ட ரொட்டியை ஒருவர் பிய்த்து அடுத்தவர் கையில் கொடுக்க, கொம்புக் கோப்பையில் பெரியவர்களுக்குத் தேன்மதுவும் பிள்ளைகளுக்கு ஆப்பிள் ரசமும் வலம் வரும். திசை ஒன்றை அழைக்கும் பொறுப்பைச் சிறுமி ஒருத்தியிடம் ஒப்படைப்பதும் உண்டு. பாதியில் அவள் மறந்து விழிக்கும்போது தாயார் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுப்பார். அந்தச் சிறுமியே பிறகு, "இதெல்லாம் எத்தனை காலமாக நடக்கிறது?" என்று கேட்பாளானால், "ஆயிரமாயிரம் வருஷங்களாக" என்று பதில் சொல்லும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். அந்தப் பதிலைக் கைவிட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இந்தச் சமயத்தின் பெரும்பிரிவாகிய விக்காவை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் வேலை பார்த்து, மலாயாச் சுங்க இலாகாவில் உத்தியோகம் வகித்து ஓய்வு பெற்றவர். நம் மக்கள் வியர்வை சிந்திய அந்தத் தோட்டங்களில் துரையாக இருந்தவர்தாம் தம் நாட்டின் மறைந்த தெய்வங்களைத் தேடிப் புறப்பட்டார் என்பது யோசிக்கத் தக்கது. 1735ஆம் வருஷத்துச் சூனியச் சட்டம் 1951இல் ரத்தானபின், 1954இல் அவர் வெளியிட்ட நூலில், பிராசீன மதமொன்று இரகசியமாகப் பிழைத்து வந்ததாகவும் அதைத் தாம் கண்டுகொண்டதாகவும் எழுதினார். சரித்திரப் பேராசிரியர் ரொனால்டு ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி அந்தப் பாத்தியதையை நிலைகுலையச் செய்தது. வருஷத்துக்கு எட்டு விழா என்கிற இன்றைய சக்கரம் முழு வடிவம் பெற்றதே 1950களில்தான். தனித்தனியே பார்த்தால் அவற்றுள் சில பழையனவே. ஆனால் ஆகஸ்ட் முதல் நாளின் அறுவடை விழாவாகிய லாமாஸின் ரொட்டி ஆங்கிலேயக் கிறிஸ்தவர் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்ற ரொட்டி. இங்கிலாந்தின் ஏவ்பரியிலுள்ள கல்வட்டம் நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. அதனுள்ளே இன்று ஓதப்படும் மந்திரமோ ஓதுகிறவருடைய பாட்டியாரைவிட இளையது.

இப்படிச் சொல்வதனால் அச்சமயத்துக்கு இழிவு நேர்ந்துவிடாது. சடங்கு என்பது யாரோ ஒருவர் ஒரு நாள் முதன்முதலாகச் செய்ததுதானே! பொங்கலோடு ஒப்பிட்டு மகிழ நமக்கு ஆசை எழலாம். ஆனால் பொங்கல் நமக்குக் கேளாமலே கிடைத்த சொத்து, அவர்களுடையதோ தேடிக் கைக்கொண்டது. 2021ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 74,000 பேர் தம்மைப் பேகன் என்று பதிந்தனர். அவர்களிலே பலர் வேறு மதத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்.

பிள்ளைகளை அந்தப் புல்வெளிக்கு இப்படிப் பகிரங்கமாக அழைத்து வருவதன் அருமையை உணர, 1991ஐ நினைவுகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில், சாத்தான் வழிபாட்டில் குழந்தைகள் வதைக்கப்படுகிறார்கள் என்ற சந்தேகத்தின்மேல், பிப்ரவரி 27 விடியற்காலையில் அதிகாரிகள் வீடு புகுந்து ஒன்பது பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுபோயினர். ஏப்ரலில் நீதிமன்றம் வழக்கைத் தள்ள, அவர்கள் வீடு திரும்பினர். அந்தக் குடும்பங்கள் பேகன் சமயத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் பேகன் பெற்றோருக்கு அந்தப் பீதியின் அர்த்தம் விளங்காமற் போகுமா? சாதாரண வீட்டாருக்கே இந்தக் கதியென்றால், அலமாரியில் மெழுகுவத்தியும் கொம்பு வைத்த தெய்வப் பதுமையும் வைத்திருப்பவரின் கதி என்ன? வதந்தி வளர்வது கதவடைத்த வீட்டைச் சுற்றித்தான். அண்டை வயல்காரர் எட்டிப் பார்க்கத்தக்க புல்வெளியிலே, பகல் வெளிச்சத்திலே, குழந்தைகள் ரொட்டி பிய்த்துத் தின்பது நூறு மறுப்பறிக்கைகளுக்குச் சமானம்.

பிள்ளைகளைச் சமயத்துக்குள் இழுப்பதில்லை, வளர்ந்தபின் தாமே தேர்ந்துகொள்ளட்டும் என்பது அவர்களிற் பலருடைய கொள்கை, மெச்சத்தக்கதே. ஆனால் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, தேர்வதற்குரிய பொருளின் வயதை மறைப்பது நேர்மையாகாது. பூமாலை கட்டப் பழக்கும் கூடாரத்துக்கு அருகே ஹட்டனுடைய புத்தகத்தையும் ஒரு பெட்டியின்மேல் வைக்கலாம். பதினாலு வயதுப் பையன் அதைப் படித்துவிட்டு, இனி வட்டத்தில் நிற்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு போனால் போகட்டும்; அண்டா கழுவும் முறையிலிருந்து மட்டும் அவனுக்கு விலக்கு அளிக்க வேண்டியதில்லை.