பேசாத குழந்தையும் பேசிப் பிழைக்கும் ஜோசியனும்

இரண்டு வயதாகியும் ஒரு குழந்தை பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள நம் ஜனங்கள் அப்போது முதலில் ஓடுவது எங்கே? ஜோசியன் வீட்டிற்குத்தான்! அவன் சனி பார்வை என்பான். பூசாரி காற்றுச் சேஷ்டை என்று வேப்பிலை அடிப்பான். தர்காவில் மந்திரித்த கயிறு. மாதா கோவிலில் மெழுகுவர்த்தி. ஒன்றுக்கும் மசியாவிட்டால், “அவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்” என்பது பாட்டியின் தீர்ப்பு. இவையெல்லாம் முடிவதற்குள் குழந்தைக்கு ஐந்து வயது!

தோழர்களே! வீணாய்ப்போன அந்த மூன்று வருஷத்தை எந்தச் சாமி திருப்பிக் கொடுக்கும்?

ஆட்டிசம் என்னும் இந்நிலையை 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் விவரித்து எழுதினார். தாயின் பாசக் குறைவே காரணம் என்று அங்கேயும் சில மேதாவிகள் பழி சுமத்தினார்கள். ஆராய்ச்சி அதைப் பொய்யாக்கிவிட்டது. இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடேயன்றி, முன்ஜென்ம வினையுமல்ல, பெற்றவள் செய்த பாவமுமல்ல.

இதைப் போக்க மருந்து கிடையாது. உண்டென்று விற்பவன் ஜோசியனுக்குத் தம்பி. ஆனால், மூளை வேகமாய் வளரும் இளவயதிலேயே பேச்சுப் பயிற்சியும் விளையாட்டு வழிப் பயிற்சியும் கொடுத்து, பெற்றோரும் அதைக் கற்று வீட்டில் தினமும் செய்து வந்தால், பல குழந்தைகள் பேசவும், பேச்சு வராவிட்டால் படத்தைக் காட்டிக் கேட்கவும், தானே உண்ணவும் உடுக்கவும் கற்றுக்கொள்கின்றன.

சர்க்காரையும் கேட்கின்றோம். அங்கன்வாடிக்கு டாக்டர்கள் வந்து குழந்தைகளைச் சோதிக்க 2013-ல் திட்டம் போட்டீர்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசத்தையும் சேர்த்தீர்கள். முட்டுக்காட்டில் தேசிய நிறுவனமும் வைத்தீர்கள். சந்தோஷம்! ஆனால், எண்ணூரில் மீன் விற்கும் ஒரு தாய் பட்டணத்தின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு வாரந்தோறும் பிள்ளையைத் தூக்கிப்போனால், அன்று அவள் வீட்டில் அடுப்பெரிவது எப்படி? நாட்டுக்கு வேண்டிய நிலக்கரியை எண்ணூரில் இறக்கத் தெரிந்தவர்களுக்கு, அவ்வூர்க் குழந்தைக்கு வேண்டிய பயிற்சியாளரை அதே ஊரில் இறக்கத் தெரியாதா?

ஆகவே, பெற்றோர்களே! பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட வராவிட்டால் காத்திராதீர்கள். அங்கன்வாடியில் சொல்லுங்கள், ஸ்டான்லி போன்ற சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், காது கேட்கிறதா என்றும் சோதியுங்கள். பயிற்சி வீட்டருகே வேண்டுமென்று ஒன்றுகூடிக் கேளுங்கள். ஜாதகம் பெட்டியிலேயே கிடக்கட்டும். அதற்கு அவசரமில்லை, குழந்தைக்குத்தான் அவசரம்.