பரம்பரைப் பெருமை மட்டும் போதாது

இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், அகழி சூழ்ந்த 14-ஆம் நூற்றாண்டுப் பண்ணை மாளிகை 'ஐட்டம் மோட்'. பராமரிப்புச் செலவு தாளாமல் 1951-இல் வாரிசு அதை விற்க முன்வந்தார். கூரையின் ஈயத்துக்காக இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. உள்ளூர் வியாபாரிகள் மூவர் வாங்கி அதைத் தடுத்தனர். 1953-இல் சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பழுதுபார்த்தார். அவர் 1985-இல் மறைந்தபோது மாளிகை நேஷனல் டிரஸ்டுக்குச் சேர்ந்தது.

தனிமனிதர்களின் நல்லெண்ணம் கடப்பாரையைத் தடுத்தது உண்மை. ஆனால் 1989 முதல் 2004 வரை நடந்த முழுச் சீரமைப்புக்கு ஆன செலவு ஒரு கோடி பவுனுக்கும் மேல்! தனியொருவர் தாங்கும் சுமையா இது? லட்சக்கணக்கான உறுப்பினர்களின் சந்தாவைப் பெறும் பொது அமைப்பாலேயே அது இயன்றது. இன்று சாமானியரும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். பழம்பெருமை பேசுவது எளிது. கூரை ஒழுகும்போது பங்கு கொடுப்பவர்களே உண்மையான வாரிசுகள்.