உளியை எங்கே நிறுத்துவது?

வயலின் என்னும் மேனாட்டு வாத்தியம் நமது கர்நாடக இசையரங்குகளிலே இடம்பெற்று ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதனை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடிகள் என்பதை இசை பயிலும் மாணவர் அறிவர். பாடுவோர் குரலை நிழல்போல் தொடரும் அந்த நாதம் எங்கிருந்து பிறக்கின்றது என்று வினவினால், தந்தியிலிருந்து என்றே பலரும் விடை கூறுவர். அவ்விடை பாதி உண்மையே. தந்தி மெல்லியது, தனித்து அதிருமாயின் அது அசைக்கக்கூடிய காற்று மிகச் சொற்பம். அதன் அதிர்வைக் குதிரை வழியாக ஏற்று, மண்டபம் நிறையும் ஓசையாக மாற்றித் தருவது வயலினின் மேற்பலகையாகும்.

அப்பலகையின் தடிப்பு எவ்வளவு என்று எண்ணுகின்றீர்கள்? பெரும்பாலும் 3 மில்லிமீற்றருக்கு மேற்படாது. நீளம் ஓர் அடிக்குச் சற்று அதிகம். எடை ஏறத்தாழ 70 கிராம். இத்துணை மெலிந்த பலகையின் மீது, முறுக்கேற்றிய நான்கு தந்திகளும் குதிரை வழியாக ஏழெட்டுக் கிலோகிராம் பாரத்தைச் சதா அழுத்திக்கொண்டே இருக்கின்றன. பாரத்தைத் தாங்க வேண்டுமெனில் பலகை தடித்திருத்தல் வேண்டும். நன்றாக அதிர வேண்டுமெனில் மெலிந்திருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று முரணும் இவ்விரண்டு தேவைகளுக்கும் நடுவே ஓர் எல்லையைக் கண்டு, அங்கே உளியை நிறுத்துவதுதான் வயலின் செய்வோன் எதிர்கொள்ளும் பெருஞ் சோதனை.

இத்தொழிலின் தாயகம் வட இத்தாலியிலுள்ள கிரெமோனா நகரம். பதினாறாம் நூற்றாண்டிலே அந்திரேயா அமாத்தி அங்கு வயலின்கள் செய்தார். அவர் குடும்பம் தொடங்கிய மரபு 1737இல் மறைந்த அந்தோனியோ ஸ்ராடிவாரியின் கைகளிலே உச்சத்தை அடைந்தது. மேற்பலகைக்கு அவர்கள் தெரிந்தெடுத்தது ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். குளிர்ந்த மலைச்சாரலில் மெல்ல வளர்வதனால் அதன் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக அமைகின்றன. எடையோ குறைவு, நாரின் திசையில் விறைப்போ மிக அதிகம். காற்றிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, இம்மரத்தின் நார்வழியே 5000 மீற்றர் அளவில் விரைகின்றது. பின்பலகைக்கு இதனினும் கடினமான மேப்பிள் மரம் பயன்படுகின்றது.

மரக்கட்டையை ஆரைவாட்டில் பிளந்து, ஆப்பு வடிவமான இரு துண்டுகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து நடுவே ஒட்டுவர். முதலில் வெளிப்புறத்தை வாய் வளைந்த உளியால் செதுக்கி, நடுவிலே ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் உயரமுள்ள மேடாக ஆக்குவர். அதன் பின்னர் பலகையைக் கவிழ்த்து உட்புறத்தைக் குடைவர். பெரிய உளிக்குப் பின் விரல்நுனியளவே உள்ள சிறு சீவுளிகள். அவற்றுக்குப் பின் கூரிய விளிம்புடைய மெல்லிய இரும்புத் தகடு. அத்தகட்டினாலே புகைபோன்ற மெல்லிய சீவல்களைச் சுரண்டி எடுப்பர். இடையிடையே தடிப்புமானி கொண்டு பலகையெங்கும் அளந்து, அளவுகளைப் பென்சிலால் மரத்தின் மீதே குறித்துக்கொள்வர். பின்பலகையோ நடுவில் 4 அல்லது 5 மில்லிமீற்றர் வரை தடித்து, ஓரங்களை நோக்கி அதன் பாதியளவுக்கு மெலிந்து செல்லும்.

மணற்கடதாசியால் தேய்த்து விட்டால் வேலை எளிதாகாதோ என்று கேட்கலாம். பழைய கிரெமோனா வினைஞர் தகட்டையே பெரிதும் நம்பினர். மெருகு தேவைப்பட்ட இடத்தில் சுறாத்தோலும், மணற்சத்து நிறைந்த குதிரைவாலி என்னும் நீர்ப்பூண்டும் அக்காலத்துத் தச்சருக்கு உதவின. கடதாசியால் தேய்க்கும்போது எழும் நுண்ணிய மரத்தூள் நாரின் துளைகளிலே படிந்து, வார்னிஷ் பூசியபின் மரத்தின் ஒளியை மங்கச் செய்கின்றது. தகட்டால் வெட்டிய பரப்போ தெளிந்து மின்னுகின்றது. இன்று கடதாசியைப் பயன்படுத்துவோர் உண்டு. ஆயினும் கடைசிச் சில சீவல்களைத் தகட்டுக்கே விட்டுவைப்போர் பலர். தகடு எவ்வளவு மரத்தை எடுத்தது என்பதைக் கை உடனே உணரும்.

அந்தக் கடைசிச் சீவல்களுக்கு ஏன் இத்துணை மதிப்பு? பௌதிகம் பயிலும் மாணவர் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். பலகையின் திணிவு அதன் தடிப்புக்கு விகிதசமமானது. ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்போ தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமமானது. 3 மில்லிமீற்றர்ப் பலகையை 2.7 மில்லிமீற்றராகக் குறைத்தோமாயின் திணிவு பத்தில் ஒரு பங்கே குறைகின்றது. விறைப்போ நூற்றுக்கு 27 பங்கு குறைந்துவிடுகின்றது! தட்டையான பலகையொன்றில் இம்மாற்றம் அதிர்வின் மீடிறனையும் பத்தில் ஒரு பங்கு தாழ்த்தும். அதாவது ஏறக்குறைய ஒரு முழுச்சுரம் இறங்கிவிடும். எடுத்ததோ நகத்தின் தடிப்பளவு மரம். மாறியதோ பலகையின் குரல்.

அவ்வாறாயின் ஸ்ராடிவாரியின் வயலின்களை அளந்து, அதே அளவுகளில் செதுக்கினால் அதே நாதம் கிடைக்காதோ? கிடைப்பதில்லை. ஒரே காட்டில், ஏன், ஒரே மரத்தின் இரு பக்கங்களிலும்கூட மரத்தின் அடர்த்தியும் விறைப்பும் வேறுபடும். ஒரு பலகைக்கு 3 மில்லிமீற்றர் மிகையாகலாம். மற்றொன்றுக்கு அதுவே குறையாகலாம். ஆதலால் வினைஞன் அளவுகோலோடு நின்றுவிடாது பலகையை இரு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்கின்றான், முறுக்கிப் பார்க்கின்றான், விரலிடையில் தூக்கிப் பிடித்துத் தட்டி, அது சொல்லும் சுரத்தைச் செவிமடுக்கின்றான். இசைத்துளைகளை வெட்டியதும் பலகை தளரும்; உட்புறத்தே நீளவாட்டில் ஒட்டும் மரச்சட்டம் மீண்டும் அதற்கு வலிவூட்டும். இவ்விரண்டு மாற்றங்களையும் முன்கூட்டியே கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

கைப்பழக்கமாக இருந்த இவ்வறிவை ஆராய்ச்சிக்கு உட்படுத்தியவர்களுள் பிரெஞ்சுப் பௌதிக அறிஞர் ஃபெலிக்ஸ் சவார் முக்கியமானவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாரிஸ் நகரத்து வயலின் வினைஞர் வில்லியோமின் துணையோடு, புகழ்பெற்ற பழைய வயலின்களின் பலகைகளைத் தனியே அதிரச் செய்து அவர் சோதித்தார். பின்பலகையின் சுரம் மேற்பலகையின் சுரத்தைவிட அரைச்சுரம் முதல் ஒரு சுரம் வரை உயர்ந்திருக்கக் கண்டார். அவருக்கு ஒரு நூற்றாண்டின் பின் இவ்வழியிலே மேலும் சென்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த கார்லீன் ஹட்சின்ஸ் (1911 - 2009) என்னும் அம்மையார். அவரும் என்னைப்போல் ஓர் ஆசிரியர். பாடசாலையிலே விஞ்ஞானம் கற்பித்தவர். ஒலிபெருக்கியின் மேலே பலகையைக் கிடத்தி, நுண்துகள்களைத் தூவி, மீடிறனை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். துகள்கள் அசைவற்ற இடங்களில் ஒதுங்கி வளையமாகவும் குறுக்குக் கோடுகளாகவும் கோலமிட்டன. எங்கே இன்னும் சிறிது சீவலாம் என்பதற்கு அக்கோலங்கள் குறிப்புத் தந்தன. 1981இல் அவர் இதனை விளக்கி எழுதிய கட்டுரை உலகெங்குமுள்ள வினைஞருக்குப் பயன்பட்டது.

ஆயினும் கருவியாலும் ஒன்றைச் செய்ய இயலாது: வெட்டிய மரத்தை அது மீட்டுத் தராது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பலகை மெலிந்தால் ஓசை பெருகும் என்று நம்பிய பிற்காலத்துப் பழுதுபார்ப்போர் பலர், பழைய சிறந்த வயலின்களைத் திறந்து உட்புறத்தை மேலும் சுரண்டினர். அளவுக்கு மீறி மெலிந்த பலகை முதலில் வாசிப்போன் காதுக்குப் பெரிதாக ஒலிக்கலாம். நாளடைவிலே குதிரையின் கீழ் அழுந்திச் சோர்ந்துபோகும். உட்புறத்தில் ஒட்டு மரம் வைத்து அதனைத் தாங்கிப் பிடிக்கலாம். முதல்வன் விட்டுச் சென்ற தடிப்பை மீட்க முடியாது. இதற்கு மாறாக, குவார்னேரி தெல் ஜெசு 1743இல் செய்த ‘கனோனே’ என்னும் வயலின் இன்றும் ஜெனோவா நகரிலே பேணப்படுகின்றது. பகனீனி வாசித்து, அந்நகருக்கே உடைமையாக விட்டுச்சென்ற அவ்வயலினின் பலகைகள் தடித்தவை. அரங்கம் அதிரும் அதன் ஓசையினாலேயே ‘பீரங்கி’ என்னும் பொருள்பட அதற்குப் பெயர் வழங்கிற்று. மெலிவு ஒன்றே வலிவு தரும் என்று எண்ணியோருக்கு இதனைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுமோ!

பழைய வினைஞரின் இரகசியம் இன்னதென்று பலர் பலவாறு கூறுவர். 2012இல் பாரிஸ் நகரில் நடந்த சோதனையொன்றிலே, தேர்ந்த வயலின் கலைஞர் பதின்மர் பழையது எது, புதியது எது என்று அறியாது வாசித்து, பெரும்பாலும் புதிய வயலின்களையே விரும்பித் தெரிந்தனர். அழிந்துபோன மந்திரம் எதுவும் இல்லை என்றே இதனால் எண்ணத் தோன்றுகின்றது. மரத்தை அறியும் கையும், கேட்கும் செவியும், காத்திருக்கும் பொறுமையும் இன்றும் கைகூடுவனவே.

மாணவர்களே, கட்டுரை எழுதுவோர்க்கும் சித்திரம் தீட்டுவோர்க்கும் இச்செய்தி பொருந்துமெனினும், அவர்கள் அழித்தும் திருத்தியும் மீண்டும் தொடங்கலாம். மரம் செதுக்குவோனுக்கு அச்சலுகை இல்லை. இன்னும் ஒரு சீவல் எடுக்கலாமோ என்று ஐயம் எழும் வேளையிலே அவன் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, பலகையைத் தூக்கி மறுபடியும் ஒருமுறை தட்டிப் பார்க்கின்றான். கற்றறிந்த அளவுகள் அவனை அந்த இடம்வரை அழைத்து வருகின்றன. அதற்கு அப்பால் அவன் கேட்க வேண்டியது மரத்தையே.