அறிவியலுக்கு ஆலோசனை சொல்ல நார்த்தாமலைக்கு இடமில்லையா?



நார்த்தாமலை மேலமலைக்கு ஏறிப் போனவங்க விஜயாலய சோழீச்சுரத்தைப் பார்த்திருப்பீங்க. அங்கே துவாரபாலகர் சிலைக்குக் கீழே ஒரு கல்வெட்டு இருக்கு. சாத்தன் பூதி கட்டிய கோயில் மழையில் இடிந்தது, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தான் என்கிறது அது. யார் கட்டினார், எதனால் இடிந்தது, யார் சரிசெய்தார்? மூன்றுக்கும் கல்லிலேயே பதில் இருக்கு. ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்க முடியுது.

இன்றைக்கு நாட்டின் அறிவியல் முடிவுகளை யார் எடுக்கிறார், யார் ஆலோசனை கேட்டு எடுக்கிறார்? இதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கா?

ஒன்றிய அரசுக்கு முதன்மை அறிவியல் ஆலோசகர் என்ற பதவி 1999-ல் வந்தது. முதலில் அமர்ந்தவர் ராமேசுவரம் மண்ணின் அப்துல் கலாம். 2018-ல் பிரதமருக்கு ஆலோசனை சொல்ல ஒரு தனிக்குழு அமைந்தது. 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சட்டம் நிறைவேறியது. 2028 வரை ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் அரசு தருவது ஏறத்தாழ 14,000 கோடிதான். மீதி தனியார், பொதுத்துறை, நன்கொடையாளர்களிடம் இருந்து வரணுமாம். பணம் போடுறவர் தனக்கு வேண்டிய கேள்வியைத்தானே கேட்பார்? குவாரித் தூசியில் நுரையீரல் கெடும் தொழிலாளிக்காகவும், ஆழ்துளைக் கிணறு வற்றிப்போன விவசாயிக்காகவும் யார் கேட்பார்?

அந்த நிறுவனத்தின் ஆட்சி வாரியத் தலைவர் பிரதமர். துணைத் தலைவர்கள் இரண்டு ஒன்றிய அமைச்சர்கள். மாநிலம் எங்கே உட்காரும்? நாட்டில் பெரும்பாலான மாணவர்கள் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும்தான்.

ஆராய்ச்சிக்கு இந்தியா மொத்த உற்பத்தியில் செலவிட்டது 2020-21-ல் 0.64 விழுக்காடு. சீனா 2-க்கு மேல், தென்கொரியா 4-க்கு மேல். கொஞ்சப் பணம் என்றால் அதைப் பங்கிடும் மேசையில் நியாயம் இன்னும் அதிகமா வேணும்.

கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும்னு நம்ம மாவட்டத்துக்குத் தெரியும். 2017 பிப்ரவரியில் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு டெல்லி ஒப்புதல் கொடுத்தது. ஊர் திரண்டு பந்தல் போட்டு உட்கார்ந்தது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்த மக்களை "அறிவியலுக்கு எதிரி" என்றார்கள். நிலத்தடி நீர் என்னாகும் என்று கேட்டது அறிவியலா, எதிர்ப்பா? அந்தக் கேள்வியை ஒப்புதலுக்கு முன்னாடியே கேட்டிருந்தால் போராட்டமே தேவைப்பட்டிருக்காது.

நிபுணர் வேண்டாம் என்று நாம் சொல்லலை. நிபுணர் சொன்னதை மக்களும் படிக்கணும் என்கிறோம். கொரோனா காலத்தில் பிரிட்டனில் அறிவியல் ஆலோசனைக் குழுவின் கூட்டக் குறிப்புகளை வெளியிடச் சொல்லிக் குரல் எழுந்தது. 2020-லேயே வெளியிட்டார்கள். அரசு கவிழ்ந்துவிடவில்லை.

நம் கோரிக்கைகள்:

▪️ அரசுக்குத் தரப்படும் அறிவியல் ஆலோசனையை, நாட்டுப் பாதுகாப்பு தொடர்பானவை தவிர, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடு.

▪️ ஆராய்ச்சி நிறுவன வாரியத்தில் மாநிலங்களுக்குச் சுழற்சி முறையில் இடம் கொடு.

▪️ மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு நிதியில் தனிப்பங்கு ஒதுக்கு.

▪️ நிலம், நீரைத் தொடும் திட்டம் எதுவானாலும் ஒப்புதலுக்கு முன்பே கிராமசபையில் வை.

இதே அளவுகோல் மாநிலத்துக்கும் உண்டு. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் 1984-ல் இருந்து இருக்கு. அது மாவட்டந்தோறும் மக்களிடம் வந்து கேள்வி கேட்கட்டும்.

மக்களுக்கு என்ன புரியும் என்று யாராவது சொன்னால் 1991-ஐ நினைவுபடுத்துங்க. அறிவொளி இயக்கத்தில் கல்லுடைத்த பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிள் ஏறினார்கள். அதைச் செய்து காட்டியது இதே புதுக்கோட்டை மாவட்டம்.

வருகிற கிராமசபையில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்க. நகலை வாங்கி வையுங்க. நம்ம ஊர் கேட்டதுக்கும் ஒரு பதிவு இருக்கட்டும்.

#அறிவியல்_மேசையில்_மாநிலத்துக்கும்_இடம்