பொறுமை என்பது இருமலை மறைப்பதன்று

 

மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றியே பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார் நம் சமுதாயத்தில் ஏராளம். அவர்களுக்கு வீடே வேலைத்தலம். மடியில் தட்டு, தட்டில் புகையிலைத் தூள். அருகிலேயே அடுப்பும் தொட்டிலும். ஆண்டுக்கணக்கில் அத்தூளைச் சுவாசித்தவர்களுக்கு நீங்காத இருமலும் நெஞ்சிறுக்கமும் வருகின்றன. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மருத்துவரிடம் போகலாமா என்று அவர்கள் கேட்டால், "அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இரு" என்று சொல்லி முடித்துவிடுவோர் நம்மில் உளர். அந்தச் சொல் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதால் அதைப் பற்றிப் பேசுவது நம் கடமையாகிறது.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபியர் வினவியபோது, செய்துகொள்ளுமாறே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இதனை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆகவே மருந்தைத் தேடுவது பொறுமைக்கு மாறானதன்று. மருந்து உண்டபின்பும் எஞ்சும் வேதனையை முறையிடாமல் தாங்குவதே பொறுமை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கெடவிடுவதற்குப் பொறுமை என்று பெயரில்லை.

"தட்டை இறக்கி வைத்தால் அடுப்பு எரியுமா?" என்று அந்தத் தாய் கேட்பாள். நியாயமான கேள்வி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணப்படும் வீட்டில், நாளையே தொழிலை விடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எனினும் தூளைக் குறைக்கலாம். காற்றோட்டமுள்ள திண்ணையிலோ சன்னலருகிலோ அமரலாம். தூளை மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கலாம். பெருக்கினால் தூள் மீண்டும் காற்றில் எழும். முந்தானையால் மூக்கைப் பொத்துவது நுண்தூளைத் தடுக்காது. இறுகப் பொருந்தும் முகக்கவசம் வேண்டும். கைக்குழந்தை அந்த இடத்தில் உறங்க வேண்டாம்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். அது காசநோயாகவும் இருக்கலாம், ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளவர்களுக்கென மத்திய அரசின் நல மருந்தகங்களும் உள்ளன. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. அது சிறிய அளவு மருந்தை நேரே நுரையீரலுக்குக் கொண்டு சேர்க்கிறது. தினமும் எடுக்கச் சொன்ன மருந்தை, மூச்சு சீரானதும் தாமாக நிறுத்துவதே ஆபத்து.

வணக்க வழிபாடுகளிலும் மார்க்கம் இவர்களை நெருக்கவில்லை. நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; தத்தம் மத்ஹபின் ஆலிமைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் மூச்சு முட்டும்போது நோன்புக்காக மருந்தை மறுக்க வேண்டியதில்லை. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கையில்லாத நோயெனில் ஒவ்வொரு நோன்புக்கும் பித்யா கொடுக்க வழியுண்டு.

இறுதியாக மஹல்லா ஜமாஅத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஏழை, தேவையுடையோர் இருவருமே ஜகாத் பெறத் தகுதியுடையோர். மருந்து வாங்க இயலாத பீடித் தொழிலாளி அவர்களில் அடங்க மாட்டாளா? பைத்துல்மாலில் சுவாச மருந்துக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஆண்டுக்கொரு முறையேனும் பெண்களுக்கு நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்துங்கள். தட்டை இறக்க விரும்பும் பெண்ணுக்குத் தையல் எந்திரம் வாங்கிக் கொடுங்கள். கணவன்மாரே, பிள்ளைகளே! உங்கள் கல்விக் கட்டணம் அந்தத் தட்டிலிருந்து வந்தது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒரு நாளை ஒதுக்குங்கள்.

நம் தாய்மார்க்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.